பகலில் விபத்து ஆபீஸ்... இரவு பத்தரைக்கு மேல் கதை!

எழுத நேரமில்லை!

நம் கல்லூரியில் கவிதை எழுதுகிற, கதை எழுத ஆசைப்படுகிற எல்லாரிடமும் இந்த ஒரு வாசகம் தயாராக இருக்கிறது. பொய்யில்லை. காலையில் ஒர்க்‌ஷாப், மதியம் தியரி, சாயங்காலம் ரெக்கார்டு நோட், ராத்திரி டிராயிங் ஷீட். நடுவில் யூனிட் டெஸ்ட். ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவனுக்கு பஸ்ஸிலேயே பாதி நாள் போச்சு. ஹாஸ்டல்காரனுக்கு நேரம் உண்டு, தனிமை இல்லை. இதற்கிடையில் எங்கே உட்கார்ந்து என்னத்தை எழுதுவது?

நான் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். இன்னும் சில மாதத்தில் கையில் டிப்ளமோவோடு ஏதாவது ஒரு கம்பெனி கேட்டில் நிற்கப் போகிறவன். ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று வாழ்க்கை மூன்றாக வெட்டப்பட்ட பிறகு இந்தக் கதை எழுதுகிற கிறுக்கு என்னோடு வருமா, கேட்டிலேயே நின்றுவிடுமா என்பது எனக்கு நிஜமான கவலை. சீனியர் அண்ணன்கள் பலரைப் பார்த்துவிட்டேன். இங்கே இருந்தபோது நோட்டு நோட்டாக எழுதியவர்கள், வேலைக்குப் போன ஆறாவது மாதம் பேனாவை மூடிவிட்டார்கள். கேட்டால், “டயர்டா இருக்குடா தம்பி” என்று சிரிக்கிறார்கள்.

அந்தக் கவலையோடுதான் ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அவர் கவிஞர் கூட்டத்தில் வாழ்ந்தவர் அல்ல. மெஷினில் விரல் போன தொழிலாளிக்கு எவ்வளவு நஷ்டஈடு, எந்தத் தொழிற்சாலை எவ்வளவு பிரீமியம் கட்ட வேண்டும் என்று பைல் பார்த்த அரசாங்கப் பாணி ஆபீஸர். பெயர் ஃபிரான்ஸ் காஃப்கா.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் பெரிய பெயர். ஆனால் நம்ம பாலிடெக்னிக் பசங்களுக்கு இவர் எவ்வளவு நெருக்கமானவர் என்பது பலருக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கெமிஸ்ட்ரியில் சேர்ந்து சட்டத்துக்குத் தாவியவர்

1883ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி பிராக் நகரில் பிறந்தார் காஃப்கா. அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்த போஹீமியாவின் தலைநகரம். இன்று செக் குடியரசின் தலைநகரம். ஜெர்மன் பேசுகிற யூதக் குடும்பம். சுற்றிலும் செக் மொழி பேசுகிற மக்கள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி. இரண்டும் அவருக்கு வரும்.

அப்பா ஹெர்மன், கிராமத்தில் வறுமையில் வளர்ந்து, சொந்த முயற்சியில் நகரத்தில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்து மேலே வந்தவர். ஆஜானுபாகு. கணீர்க் குரல். மகனோ ஒல்லி, கூச்ச சுபாவம். காஃப்காவுக்குப் பின் பிறந்த இரண்டு தம்பிகளும் குழந்தைகளாகவே இறந்துபோனார்கள். அப்புறம் மூன்று தங்கைகள்: எல்லி, வல்லி, ஓட்லா. ஆக, வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. அப்பாவின் எதிர்பார்ப்பு முழுவதும் இவர் தலையில்! நம்மில் எத்தனை பேருக்கு இது தெரிந்த கதை?

1901இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது முதலில் எடுத்தது கெமிஸ்ட்ரி. இரண்டே வாரம்தான். லேப் வேலை ஒத்துவராமல் சட்டத்துக்கு மாறிவிட்டார். சட்டத்தின் மேல் காதல் ஒன்றுமில்லை. சோறு போடும், எழுதுவதற்குக் கொஞ்சம் இடம் விடும் என்ற கணக்குதான். 1906இல் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு ஒரு வருடம் கோர்ட்டில் சம்பளமில்லாத பயிற்சி. இன்றைய பாஷையில் அப்ரண்டிஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டைபெண்ட் மட்டும் கிடையாது!

நேரத்தைப் பார்த்து வேலையை மாற்றினார்

1907 அக்டோபரில் ஒரு பெரிய இத்தாலிய இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பிராக் கிளையில் முதல் வேலை. வெளிநாடுகளில் எல்லாம் கிளை உள்ள கம்பெனி. இருந்தால் உலகம் சுற்றலாம், பெரிய ஆளாகலாம். ஆனால் காலையில் போனால் சாயங்காலம் வரை வேலை. அதற்கு மேல் ஓவர்டைம், அதற்குக் கூலி கிடையாது. வீட்டுக்கு வரும்போது ஒரு வரி எழுதவும் தெம்பு இருக்காது.

பத்து மாதம்கூட ஆகவில்லை. 1908 ஜூலையில் அந்த வேலையை விட்டார். அதே மாதம் 30ஆம் தேதி, போஹீமியாவின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். இது ஆஸ்திரியாவில் 1887இல் வந்த சட்டப்படி அமைந்த பொது நிறுவனம். யூதர்களுக்கு அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பள்ளித் தோழன் ஒருவரின் அப்பா அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்ததால் வழி பிறந்தது.

அவர் இந்த வேலையை விரும்பியதற்கு முக்கியமான காரணம் டைம் டேபிள். காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் மதியம் இரண்டு மணிக்கு வெளியே வந்துவிடலாம். ஒரே ஷிஃப்ட்! இரண்டு மணிக்கு மேல் நாள் அவருடையது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்துப் பார்த்தேன். நாம் வேலை தேடும்போது சம்பளம் எவ்வளவு, கேண்டீன் உண்டா, பஸ் உண்டா, பெர்மனன்ட் ஆகுமா என்று கேட்போம். அந்த வேலை முடிந்த பிறகு நம் நாளில் என்ன மிச்சம் இருக்கும் என்று யாராவது கேட்கிறோமா? காஃப்கா கேட்டார். எழுத்துக்காக அவர் செய்த முதல் காரியம் எழுதியது அல்ல, வேலையை மாற்றியது.

பிளேனிங் மெஷினும் காஃப்காவும்

காஃப்கா ஆபீஸில் தூங்கி வழிந்தவர், மனமில்லாமல் பைல் தள்ளியவர் என்று யாராவது நினைத்தால் அது தவறு. அவர் அங்கே மிக நல்ல அதிகாரி. தொழிற்சாலைகளை ஆபத்தின் அளவுக்கு ஏற்ப வகை பிரித்து பிரீமியம் நிர்ணயிப்பார்கள். முதலாளிகள் அதை எதிர்த்து அப்பீல் போடுவார்கள். அந்த அப்பீல்களுக்குப் பதில் எழுதுவது, வடக்கு போஹீமியாவின் தொழில் நகரங்களுக்குப் போய் ஆலைகளைப் பார்ப்பது எல்லாம் இவர் வேலை. மெஷின் தெரியாமல் இதைச் செய்ய முடியாது என்று பிராக்கின் தொழில்நுட்பக் கல்லூரியில் மெக்கானிக்கல் டெக்னாலஜி வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்தார். சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், நம்ம சப்ஜெக்ட்டைப் படிக்க வந்திருக்கிறார்!

நிறுவனத்தின் 1909ஆம் ஆண்டு அறிக்கையில் மரம் இழைக்கிற பிளேனிங் மெஷின் பற்றி அவர் எழுதிய ஒரு பகுதி உண்டு. கார்ப்பெண்டரி ஷாப்பில் கை வைத்தவர்களுக்கு உடனே புரியும். அந்தக் காலத்து மெஷின்களில் பிளேடுகளைச் சதுரமான தண்டில் போல்ட் போட்டு மாட்டுவார்கள். சதுரம் சுழலும்போது அதற்கும் மேஜை விளிம்புக்கும் நடுவே பெரிய சந்து விழும். பலகையில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டு மரம் துள்ளினால், அதைப் பிடித்திருக்கும் கை அந்தச் சந்துக்குள் போய்விடும். ஒரு விரல் அல்ல, பல விரல்கள். எவ்வளவு கவனமான தொழிலாளிக்கும் இது நடக்கும் என்று காஃப்கா விளக்கினார். பழியைத் தொழிலாளியின் கவனக்குறைவின் மேல் போடாமல் தண்டின் வடிவத்தின் மேல் போட்டார். அதற்குப் பதிலாக உருளையான தண்டு. பிளேடுகள் அதற்குள்ளேயே பதிந்திருக்கும். சந்து சிறியது. கை வழுக்கினாலும் சின்னக் காயத்தோடு போகும். சதுரத் தண்டு, உருளைத் தண்டு, வெட்டுப்பட்ட விரல்கள் எல்லாவற்றையும் படம் போட்டே காட்டியிருக்கிறது அந்த அறிக்கை.

(தொழிற்சாலை ஹெல்மெட்டைக் கண்டுபிடித்தவரே காஃப்காதான் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. அந்தப் பெருமை இல்லாமலேயே அவர் காப்பாற்றிய விரல்கள் போதும்.)

நான் சொல்ல வருவது இதைத்தான். இந்த அறிக்கையிலும் ஒரு எழுத்தாளனின் கண் இருக்கிறது. தெளிவு, அடுத்தடுத்த படிகள், உணர்ச்சியைக் கொட்டாமல் நடந்ததை நடந்தபடி சொல்வது. பின்னாளில் ஒரு மனிதன் பூச்சியாக மாறிய கதையை, ஏதோ ஆபீஸ் ரிப்போர்ட் போல அமைதியாகச் சொல்லி உலகத்தை அதிரவைத்தாரே, அந்த நடையின் ஒரு பங்கு இந்தப் பைல்களிலிருந்து வந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. பகல் வேலை எழுத்தைத் தின்றது என்று காஃப்கா வாழ்நாள் முழுக்க நொந்துகொண்டார். ஆனால் தின்றதோடு கொஞ்சம் ஊட்டியும் இருக்கிறது.

ஒரு நாளின் கணக்கு

சரி, இரண்டு மணிக்கு ஆபீஸ் விட்டாச்சு. உடனே எழுத உட்கார்ந்தாரா? முடியவில்லை!

காரணம், வீடு. அப்பா அம்மா, தங்கைகள், வேலைக்காரி என்று நிறைந்த வீடு. இவருடைய அறையோ, ஹாலுக்கும் பெற்றோர் படுக்கையறைக்கும் நடுவே இருந்த வழிநடை அறை. யார் எங்கே போனாலும் இவர் அறைக்குள் நுழைந்துதான் போக வேண்டும். கதவுகள் அடிக்கும். அப்பா சத்தம் போட்டுக்கொண்டே கடந்துபோவார். சாயங்காலமானால் சீட்டாட்டம். இந்த இரைச்சலைப் பற்றியே ஒரு குட்டிப் பகுதி எழுதி 1912இல் ஒரு பத்திரிகையில் அச்சிட்டும்விட்டார். வீட்டாரைத் திட்ட முடியாதவன் எழுதித் தீர்த்துக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதனால் அவர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. இரண்டு, இரண்டரை வரை ஆபீஸும் சாப்பாடும். மூன்று மணியிலிருந்து ஏழரை வரை தூக்கம், அல்லது தூங்க முயற்சி. எழுந்து திறந்த ஜன்னல் பக்கம் நின்று பத்து நிமிடம் உடற்பயிற்சி. ஒரு மணி நேரம் நடை. பிறகு குடும்பத்தோடு சாப்பாடு. இரவு பத்தரை, பதினொன்று மணிக்கு வீடு அடங்கியதும் எழுத உட்காருவார். உடம்பு எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவு நேரம்: ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. காலை எட்டுக்கு மறுபடி ஆபீஸ்.

நேரத்தைப் பற்றி நாம் புலம்புகிறோம். அவர் ஒரு நாளையே இரண்டு நாளாக வெட்டிக்கொண்டார்.

1912 செப்டம்பர் 22ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. பத்து மணிக்கு உட்கார்ந்தவர், காலை ஆறு மணி வரை எழுந்திருக்கவே இல்லை. ஒரே மூச்சில் ஒரு முழுக் கதை. ‘தீர்ப்பு’ என்பது அதன் தலைப்பு. கால் மரத்துப்போய் மேஜைக்கு அடியிலிருந்து இழுக்க முடியவில்லை. விடிந்ததும் தங்கைகளின் அறைக்கு ஓடிப்போய்ப் படித்துக் காட்டினார். அதற்கு அப்புறம் செய்ததுதான் நம்ம ஆட்கள் செய்கிற வேலை! தன் மேலதிகாரிக்கு ஒரு விசிட்டிங் கார்டில், லேசாக மயக்கம், கொஞ்சம் காய்ச்சல், ஆனாலும் இன்றைக்குக் கட்டாயம் வருவேன், பன்னிரண்டு மணிக்கு மேல் ஆகலாம் என்று எழுதி அனுப்பினார். உலக இலக்கியத்தில் இவ்வளவு லாபகரமான லீவு லெட்டர் வேறு உண்டா தெரியவில்லை.

அந்த இரவுதான் தான் எழுத்தாளன் என்று அவருக்கே உறுதியான இரவு. அப்போது வயது 29.

மதிய நேரத்துக்கும் வந்தது ஆபத்து

நல்லது நடந்த சூட்டிலேயே கஷ்டமும் வந்தது. மூத்த தங்கை எல்லியின் கணவரோடு சேர்ந்து, காஃப்காவையும் பங்குதாரராகப் போட்டு, 1911இல் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலை தொடங்கியிருந்தார்கள். அப்பாவின் பணமும் அதில் இருந்தது. 1912 அக்டோபரில் மாப்பிள்ளை வெளியூர் போன சமயம். மகன் மதியம் சும்மாதானே தூங்குகிறான், ஆலைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று வீடு முழுவதும் சொன்னது. எப்போதும் இவர் பக்கம் நிற்கிற கடைசித் தங்கை ஓட்லாகூட அன்றைக்குப் பெற்றோர் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. குடும்பப் பணம் போய்விடக் கூடாது என்ற பயம். ஆனால் இவருக்கு அந்த மதியத் தூக்கம் போனால் இரவு எழுத்து போச்சு. எழுத்து போனால் எதுவும் இல்லை. உயிரையே வெறுத்துப்போய் நண்பர் மாக்ஸ் பிராடுக்குக் கடிதம் எழுதினார்.

பிராட் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, ஆறுதல் சொல்லி முடித்துக்கொள்ளவில்லை. காஃப்காவுக்குத் தெரியாமல் அவருடைய அம்மாவுக்கே நிலைமையை எழுதிவிட்டார். அம்மா பதறிப்போய், அப்பா காதுக்குப் போகாமல், ஆலைக்கு வேறு ஏற்பாடு செய்தார். அடுத்த மாதம், நவம்பர் 1912இல், பூச்சியாக மாறிய கிரிகோர் சாம்சாவின் கதை, அதாவது ‘உருமாற்றம்’, எழுதப்பட்டது. நடுவில் இரண்டு நாள் ஆபீஸ் டூர் வந்து கதையைக் கெடுத்துவிட்டது என்று அவருக்குக் கடைசி வரை வருத்தம். 1915இல் அது அச்சில் வந்தது.

வேலைக்குப் போக வேண்டிய, குடும்பத்தைத் தாங்குகிற ஒரு மகன் திடீரென்று உபயோகமற்றவன் ஆகிவிட்டால் வீடு அவனை எப்படிப் பார்க்கும்? இதுதான் அந்தக் கதை. அரியர்ஸ் வைத்துவிட்டு ஊருக்குப் போய் நின்றவர்களுக்கு இதை யாரும் நோட்ஸ் போட்டு விளக்க வேண்டியதில்லை.

பிராடைப் பற்றி இன்னொரு விஷயம். அவரும் வேலைக்குப் போனவர்தான். தபால் இலாகா அதிகாரி. அவரும் எழுதினார், நிறையவே எழுதினார். ஒரே ஊர், ஒரே மாதிரி ஆபீஸ் நேரம், ஒருவர் கடகடவென்று எழுதுகிறார், இன்னொருவர் ரத்தம் கக்குகிற மாதிரி எழுதுகிறார். ஆகவே இன்னொருவரின் வேகத்தைப் பார்த்து நாம் பயப்பட வேண்டியதில்லை. 1912 கடைசியில் வந்த காஃப்காவின் முதல் புத்தகத்தில் இருந்தவை 18 சின்னச் சின்னப் பகுதிகள். அச்சடித்தது 800 பிரதிகள். அவ்வளவுதான்!

சின்ன நோட்டு, சின்ன வீடு

அந்தப் புத்தகத்தின் பகுதிகளை வரிசைப்படுத்த 1912 ஆகஸ்ட் 13 அன்று பிராட் வீட்டுக்குப் போனபோதுதான் ஃபெலிஸ் பாவர் என்ற பெண்ணைச் சந்தித்தார். பெர்லினில், பேச்சைப் பதிவு செய்து டிக்டேஷன் எடுக்க உதவும் மெஷின்கள் விற்கிற கம்பெனியில் பொறுப்பான வேலையில் இருந்தவர். ஐந்து வருடம் கடிதம், கடிதம், கடிதம். இரண்டு தடவை நிச்சயம். இரண்டு தடவையும் முறிந்தது. கல்யாணம் செய்தால் எழுத முடியுமா என்ற பயம் ஒரு பக்கம், தனியாகவே போய்விடுவோமோ என்ற பயம் மறுபக்கம். இதில் ஃபெலிஸ் பட்ட பாட்டையும் மறக்கக் கூடாது. ஒருவர் எழுத்துக்கு இடம் ஒதுக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு எவ்வளவு இடம் குறைகிறது என்பதையும் இந்த வாழ்க்கை காட்டுகிறது.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர். ஆபீஸில் இவர் இல்லாமல் முடியாது என்று நிறுவனம் எழுதிக்கொடுத்ததால் ராணுவ சேவையிலிருந்து விலக்கு. தங்கையின் கணவர் போருக்குப் போக, தங்கை குழந்தைகளோடு பிறந்த வீட்டுக்கு வர, காஃப்கா அறையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. 31 வயதில் முதன்முறையாகத் தனியாகத் தங்கினார். அந்த மாதமே ‘விசாரணை’ நாவலைத் தொடங்கினார். அக்டோபரில் நாவலுக்காக இரண்டு வாரம் லீவு போட்டார். அப்போது எழுதியதில் ஒன்று, மனிதன் உடம்பில் தீர்ப்பை எழுதுகிற ஒரு கொடூர மெஷினைப் பற்றிய கதை. அதன் பாகங்களையும் இயக்கத்தையும் அவர் விவரிப்பதைப் படித்தால், பிளேனிங் மெஷின் அறிக்கை எழுதிய கை இதுதான் என்று நமக்குத் தெரியும்.

1916 குளிர்காலத்தில் தங்கை ஓட்லா ஒரு காரியம் செய்தாள். பிராக் கோட்டைக்குப் பக்கத்தில் ‘தங்க வீதி’ என்று ஒரு சந்து. பொம்மை வீடுகள் மாதிரி வரிசை. அதில் 22ஆம் எண் வீட்டை வாடகைக்கு எடுத்து அண்ணனுக்குக் கொடுத்தாள். ஆபீஸ் முடிந்து அங்கே போய் எழுதிவிட்டு இரவில் இறங்கி நடந்து வருவார். பெரிய நோட்டுகளை விட்டுவிட்டு, பாக்கெட்டில் அடங்குகிற சின்ன நோட்டுகளுக்கு மாறினார். ‘கிராமத்து மருத்துவர்’ தொகுப்பின் கதைகளில் பல, அந்த ஒரு குளிர்காலத்தில் அந்தச் சின்ன வீட்டில் எழுதியவைதான். அன்றைக்கு ஆலைக்குப் போகச் சொன்ன அதே ஓட்லாதான் இன்றைக்கு இடம் பிடித்துக் கொடுத்தவள்!

உடம்பு கட்டிய வட்டி

இதுவரை சொன்னதைக் கேட்டு யாராவது இன்று ராத்திரியிலிருந்து மூன்று மணி வரை விழிக்கிறேன் என்று கிளம்பினால், கொஞ்சம் பொறுங்கள்.

1917 ஆகஸ்டில் ஒரு விடிகாலை, வாயிலிருந்து ரத்தம் வந்தது. காசநோய். அப்போது அதற்கு மருந்து கிடையாது. நோய் கிருமியால் வருவது. கண் விழித்ததால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கமில்லாத, ஈர அறைகளில் வாழ்ந்த உடம்புக்கு எதிர்த்து நிற்கத் தெம்பு குறைவு என்பதும் உண்மை. ஓய்வு ஊதியம் கேட்டார். கொடுக்கவில்லை, லீவு கொடுத்தார்கள். கிராமத்தில் ஓட்லாவிடம் எட்டு மாதம் இருந்தார். பிறகு மறுபடி ஆபீஸ், மறுபடி லீவு. 1918இல் பேரரசு உடைந்து செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. ஆபீஸ் மொழி செக் ஆனது. ஜெர்மன்காரர்கள் பலர் போனார்கள். செக் தெரிந்த, யாரிடமும் பகை இல்லாத காஃப்கா இருந்தார், பதவி உயர்வும் பெற்றார். 1922 ஜூலை 1 அன்று உடல்நலக் காரணத்தால் ஓய்வு. வாழ்நாளெல்லாம் ஏங்கிய முழு நேரம் கிடைத்தபோது உடம்பு கையில் இல்லை.

1924இல் நோய் தொண்டைக்குப் பரவியது. சாப்பிட முடியாது, பேச முடியாது. தாளில் எழுதிக் காட்டித்தான் பேச்சு. அந்த நிலையில், பட்டினி கிடப்பதையே கலையாகச் செய்யும் ஒருவனைப் பற்றிய தன் கதை அடங்கிய புத்தகத்துக்குப் படுக்கையில் இருந்தபடி புரூஃப் திருத்தினார். ஜூன் 3ஆம் தேதி, வியன்னாவுக்கு அருகே கீர்லிங் என்ற ஊரின் சானடோரியத்தில் இறந்தார். 41 வயது முடிய ஒரு மாதம் இருந்தது.

மூன்று நாவல்கள் எழுதினார். மூன்றும் முடியவில்லை. எழுதியதை எல்லாம் எரித்துவிடு என்று பிராடுக்குக் குறிப்பு வைத்துவிட்டுப் போனார். எரிக்க மாட்டேன் என்று பிராட் முன்னமே சொல்லியிருந்தார், சொன்னபடியே எரிக்கவில்லை. 1925, 1926, 1927 என்று ஆண்டுக்கு ஒன்றாக ‘விசாரணை’, ‘கோட்டை’, ‘அமெரிக்கா’ வெளிவந்தன. 1939இல் நாஜிகள் பிராகில் நுழைந்தபோது பிராட் பெட்டியில் அந்தக் கையெழுத்துப் பிரதிகளோடு தப்பினார். தங்கைகள் மூவரும் தப்பவில்லை. நாஜிகள் கொன்றார்கள். இடம் பிடித்துக் கொடுத்த ஓட்லா 1943இல் ஆஷ்விட்ஸில் இறந்தாள். ‘விசாரணை’யை ஜெர்மனிலிருந்து ஏ.வி. தனுஷ்கோடி தமிழுக்குக் கொண்டு வந்திருக்கிறார். கிடைத்தால் படியுங்கள்.

நமக்கு என்ன?

இந்த வாழ்க்கையை வெற்றிக் கதையாக நான் எழுதவில்லை. காஃப்காவே அப்படி ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் அதிலிருந்து கையில் எடுத்துக்கொள்ளக் கூடியவை சில உண்டு.

முழு நேரம் கிடைக்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அவருடைய பெயர் சொல்லும் கதைகளில் பெரும்பாலானவை அவர் வேலையில் இருந்த 14 வருடங்களில் எழுதப்பட்டவை. வேலையை அலட்சியப்படுத்தியும் எழுதவில்லை. காயம்பட்ட தொழிலாளியின் பைல் அவர் மேஜையில் தூசி படிந்து கிடக்கவில்லை. நேரம் இல்லாதபோது வேலையை மாற்றினார், தூக்கத்தை மாற்றினார், அறையை மாற்றினார், கடைசியில் நோட்டின் அளவைக்கூட மாற்றினார். மாற்றாமல் விட்டது எழுதும் ஆசையை மட்டும்தான்.

இன்னொன்று. அவர் தனியாக அந்த இடத்தைப் பிடிக்கவில்லை. பிராடின் ஒரு கடிதம், அம்மாவின் ஒரு ரகசிய ஏற்பாடு, ஓட்லாவின் ஒரு வாடகைச் சாவி... இந்த மூன்றும் இல்லாவிட்டால் நமக்கு இன்று காஃப்கா இல்லை. ஆகவே தோழர்களே, உங்களில் எழுதாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் ஒருத்தன் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், டேப்பின் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். அவன் எழுதியதைக் காட்டினால் கிண்டல் பண்ணாமல் ஒரு தடவை முழுசாகப் படியுங்கள்.

எழுதுகிறவர்களுக்கு: இரவு மூன்று மணி வேண்டாம். உடம்பு முக்கியம், காலையில் லேத்தின் முன் நிற்க வேண்டும், தூக்கக் கலக்கத்தில் விரல் போனால் காஃப்காவே கோபித்துக்கொள்வார்! ஒரு அரை மணி போதும். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் அதுவும் போதும். ஷிஃப்ட் எதுவாக இருந்தாலும் யூனிஃபார்ம் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைக்க இடம் இருக்கும். நான் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். எட்டு ரூபாய்.